கழற்றும் தலையா, கழலாத தலையா: கூஸ் டிகாய்களை வயலுக்குக் கொண்டுபோகும் வழிகள்

"ஃபுல்பாடி டிகாய் மூன்று டசன் வாங்கப்போகிறேன். தலை தனியாகக் கழன்று வரும் ரகம். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டவேண்டுமா, மாட்டியபடியே கொண்டுபோகலாமா? இல்லை, தலை கழலாததாகப் பார்த்து வாங்கிவிடட்டுமா?" கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்களில் புதிதாகக் கனடா கூஸ் (வாத்தைவிடப் பெரிய, கறுப்புக் கழுத்துள்ள காட்டுப் பறவை) வேட்டைக்கு இறங்கும் நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. துப்பாக்கி எது, தோட்டா எது என்பதற்கெல்லாம் அறிவுரை சொல்ல ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். டிகாயை வயல்வரை தூக்குவது யார் என்று கேட்டால் அந்த வரிசை கலைந்துவிடும்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். டிகாய் என்பது பறக்கும் கூட்டத்தை நம்பவைத்துக் கீழே இறக்க வயலில் நிறுத்தும் பொம்மைப் பறவை. முன்பெல்லாம் உயிருள்ள வாத்துகளையே கட்டிவைத்துக் கூப்பிட வைத்தார்கள். அமெரிக்கா 1935இல் அதைத் தடை செய்தது, கனடாவிலும் கூடாது. ஆகவே பிளாஸ்டிக்தான். கூஸ் கூட்டமாக மேயும் பறவை, நாலு பொம்மையைப் பார்த்து எளிதில் இறங்கிவிடாது. பொதுவாக இரண்டு மூன்று டசன் வேண்டும். மூன்று டசன் என்றால் 36 உடல், 36 தலை, 36 அடித்தாங்கி. ஃபுல்பாடி என்றால் முழு உடலோடு தாங்கியில் நிற்கும் பொம்மை. நிஜப் பறவையின் அளவு, சில ரகம் அதைவிடப் பெரிது. உள்ளே வெறும் காற்றுதான், எடை அதிகமில்லை. ஆனால் அந்தக் காற்றுக்கும் வண்டியில் இடம் கொடுத்தாகவேண்டும்.

தலை ஏன் கழல்கிறது? நிமிர்ந்து நிற்கும் கழுத்து பைக்குள் அடங்காது என்பது ஒரு காரணம். ஒரே மாதிரி உடலுக்கு மேயும் தலை, நிமிர்ந்து பார்க்கும் காவல் தலை, ஓய்வாக இருக்கும் தலை என்று மாற்றி மாற்றிப் பொருத்தலாம் என்பது இன்னொன்று.

## எதை வைத்து முடிவெடுப்பது

விலைப்பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் கேட்கவேண்டியது, உங்கள் வண்டி எங்கே நிற்கும்? டிகாய் பரப்பும் இடம் வரைக்கும் வண்டி போகுமா, சாலையிலிருந்து வயலுக்குள் திரும்பும் வழியான அப்ரோச்சிலேயே நின்றுவிடுமா? மீதி எல்லாக் கேள்வியும் இதற்குப் பின்னால்தான் வரும். சஸ்காச்சுவானில் 2022 ஜனவரி 1 முதல், நில உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் நிலத்தில் காலே வைக்கக்கூடாது. அனுமதி தரும் விவசாயியும் மழை பெய்திருந்தால் "நடந்து போங்கள், வண்டி வேண்டாம்" என்றுதான் சொல்வார். டயர் தடம் பதிந்த ஈரமண் அடுத்த விதைப்பு வரை அவருக்குத் தலைவலி. அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது இருட்டில் எவ்வளவு வேலை. கனடாவில் பொதுவாகச் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம். அதற்குள் எல்லாம் பரப்பி, வண்டியைத் தள்ளி நிறுத்தி, நீங்களும் ஒளிந்துகொண்டிருக்கவேண்டும். தலைவிளக்கு வெளிச்சத்தில், கையுறையோடு செய்கிற ஒவ்வொரு சின்ன வேலையும் 36ஆல் பெருகும்.

பிறகு எத்தனை பேர் வருகிறீர்கள், வீட்டில் வைக்க இடம் இருக்கிறதா, தேய்மானம் எங்கே விழும். கடைசியாக, வாங்கும்போது கண்ணில் படாத செலவு. அதை ஒவ்வொன்றாக, அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

## வழி 1: ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டுவது

சின்ன வண்டி வைத்திருப்பவருக்கு இதைவிட்டால் வேறு வழி அதிகம் இல்லை. தலை இல்லாத உடல்களைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் நெருக்கி அடுக்கலாம், தலைகள் எல்லாம் ஒரே பைக்குள் போய்விடும். எஸ்யூவியின் பின்பக்கமே போதும் என்று ஆகிவிடுவது இதனால்தான்.

விலை கொடுப்பது மூட்டில். பெரும்பாலான ரகங்களில் கழுத்தின் அடியில் ஒரு முளை, அதில் இரண்டு சின்னக் காதுகள். உடலில் உள்ள துளைக்குள் அதை இறக்கித் திருகினால் 'டக்' என்று பூட்டும். செப்டம்பரில் இது விளையாட்டு. நவம்பரில் மைனஸ் பத்துக்குக் கீழே போனதும் பிளாஸ்டிக் விறைத்துப்போகும், காதுகள் மடங்க மறுக்கும். துளைக்குள் முந்தின நாளின் பனி உருகி மறுபடி உறைந்திருக்கும், இல்லை ஒரு பார்லி உமி மாட்டியிருக்கும். அந்த ஒரு உமி போதும், தலை முக்கால் திருகிலேயே நின்றுவிடும். பலத்தைக் காட்டித் திருகினால் காது முறியும். காது முறிந்த தலை காற்றடிக்கும்போது மெதுவாகச் சுழன்று முதுகைப் பார்க்க ஆரம்பிக்கும். ஓய்வெடுக்கும் கூஸ் அப்படித் திரும்பிப் படுப்பது உண்டு, ஆகவே ஒன்றிரண்டு பரவாயில்லை. பாதிக்கூட்டம் அப்படி நின்றால் மேலே வட்டமிடும் பறவை சந்தேகப்படும்.

இந்த வழியில் போகிறவர்கள் செய்துகொள்ளவேண்டிய வசதிகள் சில உண்டு. மேயும் தலைகளை ஒரு பையிலும் நிமிர்ந்த தலைகளை இன்னொரு பையிலும் பிரித்து வையுங்கள். இருட்டில் ஒரே குவியலுக்குள் கைவிட்டுத் தேடுவதைப்போல எரிச்சல் வேறில்லை. நிம்மதியாக மேயும் கூட்டத்தில் பெரும்பாலான தலைகள் கீழேதான் இருக்கும், அங்கங்கே ஒன்று நிமிர்ந்திருந்தால் போதும். நிமிர்ந்த தலைகள் அதிகமானால் கூட்டம் பயந்து நிற்பதுபோல் தெரியும். தலை கழலும் ரகத்தின் உண்மையான லாபம் இதுதான், அன்றைய வயலைப் பார்த்துவிட்டு விகிதத்தை மாற்றலாம். வீட்டிலேயே துளைகளைத் துடைத்து, முளையில் சிலிக்கான் ஸ்பிரேயை லேசாகத் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், உமியும் மண்ணும் அதில்தான் வந்து ஒட்டும்.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் உடல்களைக் காற்றின் திசை பார்த்து வைத்துக்கொண்டே போக, மற்றவர் தலைப்பையோடு பின்னால் வரலாம். தனி ஆளாக இருந்தால் ஒவ்வொரு பொம்மைக்கும் இரண்டு தடவை குனியவேண்டும். இடுப்பு அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

தொலைந்துபோவது தனிக் கதை. காலை வேட்டையில் இருட்டில் பரப்பி வெளிச்சத்தில் பொறுக்குகிறோம். மாலை வேட்டையில் தலைகீழ், இருட்டில்தான் பொறுக்கவேண்டும். கறுப்புத் தலை ஒன்று தாளடியில் விழுந்துவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் மண்ணாங்கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே வண்டி ஏறுமுன் தலைகளை எண்ணுங்கள், உடல்களை அல்ல. எல்லாத் தயாரிப்பாளரும் தலையைத் தனியாக விற்பதில்லை. ஒரு நிறுவனத்தின் தலை இன்னொன்றின் உடலில் பொருந்தாது. அந்த மாடல் நின்றுபோனால் தலையில்லாத உடல் அலமாரியில் தூங்கவேண்டியதுதான்.

## வழி 2: தலையை மாட்டியபடியே, அறை பிரித்த பையில்

ஸ்லாட் பை என்று கடையில் விற்பது, ஆறு அல்லது பன்னிரண்டு அறைகள் தைத்த பெரிய பை. ஒவ்வொரு அறையிலும் ஒரு டிகாய். தலையையும் உடலையும் ஒன்றோடொன்று உரசவிடாது. ஃபுல்பாடியில் முதலில் தேய்வது கழுத்தும் அலகும்தான். தலையில் மெல்லிய இழைகள் ஒட்டிய ஃப்ளாக்டு ரகம் என்றால் உரசலில் இழை உதிர்ந்து, அடியில் பளபளப்பான பிளாஸ்டிக் எட்டிப்பார்க்கும். வெயிலில் அந்தப் பளபளப்பு தூரத்திலிருந்தே தெரியும்.

வேலையும் பாதியாகிவிடும். பையைத் திற, எடு, வை, அவ்வளவுதான். ஆனால் காவல் தலை மாட்டிய டிகாய் அறைக்கு வெளியே எட்டிப்பார்க்கும், மூடி மூடாது. வழக்கமான சமாதானம் என்னவென்றால், மேயும் தலைகளை மாட்டியபடியே விட்டுவிட்டு நிமிர்ந்த சில தலைகளை மட்டும் கழற்றுவது. என்னைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு இந்தக் கலப்பு வழிதான் சரிப்பட்டு வரும். மூன்று டசனில் ஏழெட்டுத் தலையை மாட்டுவது ஒரு வேலையே அல்ல.

தடை இடம்தான். ஆறு அறைப் பை ஒன்றே காரின் பின்சீட்டை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். மூன்று டசனுக்கு ஆறு பை வேண்டும். பிக்கப் இல்லாதவர் இந்த வழியை மறந்துவிடலாம். பையின் விலையும் டிகாய் பெட்டியின் மேல் எழுதியிருக்காது. மலிவான பையில் முதலில் போவது ஜிப், அடுத்தது தோள்பட்டைத் தையல். ஈரத்தோடு மூடிவைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். குளிரிலிருந்து சூடான கராஜுக்குள் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் மேல் வியர்த்துக் கொட்டும், அன்றிரவு மூடிகளைத் திறந்தே வையுங்கள்.

## வழி 3: மாட்டியபடியே, டிரெய்லரில்

மூடிய கார்கோ டிரெய்லரில் அலமாரி அடித்து, டிகாய்களைத் தலையோடு, அடித்தாங்கியோடு அப்படியே நிறுத்திவிடுவது. வயலுக்குள் ஓட்டிப்போய்க் கதவைத் திறந்தால் ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். வாரம் இரண்டு மூன்று தடவை போகும் நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு இல்லை.

ஆனால் செலவு டிரெய்லரோடு முடியாது. கொக்கி, மின்னிணைப்பு, பதிவு, காப்பீடு, டயர், சக்கர பேரிங், பெட்ரோல் கூடுதல். பல நகரங்களில் டிரெய்லரைத் தெருவில் நிறுத்தி வைக்க விடமாட்டார்கள், வீட்டு முன்பாதையும் குறுகலாக இருந்தால் வாடகைக்கு இடம் பிடிக்கவேண்டும். டிகாய் டிரெய்லர் என்றால் திருடனுக்கும் கண். உள்ளே இருப்பதெல்லாம் உடனே விற்கக்கூடிய சரக்கு. பக்கத்தில் கூஸ் படம் ஒட்டி அழகு பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆச்சரியம்தான்.

வண்டி வேண்டாம் என்று விவசாயி சொன்ன அன்றைக்கு இந்த முறை அப்படியே படுத்துவிடும். தலையோடு நிற்கும் டிகாய்களை அலமாரியிலிருந்து எடுத்து அரைக் கிலோமீட்டர் எப்படித் தூக்குவது? பை இருக்காது. டிரெய்லர்காரர்களும் இரண்டு ஸ்லாட் பையும் இழுத்துப்போக ஒரு பிளாஸ்டிக் ஸ்லெட்டும் உள்ளே போட்டு வைப்பது நல்லது. பனியிலும் ஈரத்தாளடியிலும் ஸ்லெட் வழுக்கிக்கொண்டு வரும், காய்ந்த மண்ணில் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

## வழி 4: தலை கழலாத ஒரே வார்ப்பு, அல்லது ஒட்டிவிடுவது

டேவ் ஸ்மித் டிகாய்ஸ் போன்ற சில நிறுவனங்கள் தலையும் உடலும் ஒன்றாகவே வார்த்துத் தருகின்றன. மூட்டு இல்லை, ஆடும் கழுத்து இல்லை, கழுத்தைச் சுற்றி ஓடும் கோடும் இல்லை. உருவம் பார்க்க அருமையாக இருக்கும். விலையும் அதற்கேற்றபடி.

இடம் விஷயத்தில் இது வழி 2, 3 இரண்டின் பிரச்சினைகளையும் அப்படியே வாங்கிக்கொள்ளும், கழற்றித் தப்பிக்க வழியில்லை. வாங்கும்போதே மேயும் உருவம் எத்தனை, நிமிர்ந்தது எத்தனை என்று முடிவு செய்துவிடவேண்டும். ஒருமுறை செலவழித்து நீண்டகாலம் வைத்திருக்கிறேன் என்பவருக்கு, அதோடு டிரெய்லரோ பெரிய கராஜோ உள்ளவருக்கு, யோசிக்கவே வேண்டாம்.

பழைய கழலும் தலைகளைப் பசையோ திருகாணியோ போட்டு நிலையாக்கிவிடுவதும் உண்டு. காது முறிந்த தலைக்கு இது நல்ல மருந்து. எல்லாவற்றுக்கும் செய்யாதீர்கள். வண்டியை மாற்றினாலோ வீட்டை மாற்றினாலோ திரும்பிவர வழியிருக்காது.

## வழி 5: ஷெல்

ஃபுல்பாடியில் பாதி, அதாவது கால் இல்லாத, அடிப்பக்கம் திறந்த ஓடு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம். கடையில் டிஃபன் தட்டு அடுக்குவதைப்போல ஒரு டசன் ஓடு ஒரே தூணாக நிற்கும், தலைகள் தனிப் பையில். இதிலும் தலை மாட்டும் வேலை உண்டு. ஆனால் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பவருக்குத் தலை கழலும் டிகாய்களிலேயே மிகச் சிக்கனமானது இதுதான். ஜி அண்ட் எச் போன்ற பழைய தயாரிப்புகள் இன்னும் பல கராஜ்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

ஓடு தரையில் உட்கார்ந்திருப்பதால் உயரமான தாளடியில் மறைந்துபோகும். பனி மூடிய வயலிலும் குட்டையாக அறுத்த பட்டாணித் தாளடியிலும் ஓய்வெடுக்கும் கூட்டம்போல நன்றாக எடுபடும். பலத்த காற்றில் புரளும் என்பது தெரிந்ததே.

## வழி 6: தட்டை டிகாய்

இருபக்கமும் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தட்டி, அடியில் கம்பி. ரியல் கீஸ், டைவ் பாம் என்று நிறைய வருகின்றன. தலை என்ற பேச்சே கிடையாது. பல டசன் ஒரே பைக்குள் அடங்கும், தனி ஆள் தூக்கலாம். நேர் எதிரே பார்த்தால் கோடாகி மறைந்துவிடும். அதனால்தான் ஒவ்வொன்றையும் வேறு வேறு கோணத்தில் குத்தவேண்டும், மேலே சுற்றும் பறவைக்குச் சில தோன்றிச் சில மறையும்போது கூட்டம் அசைவதுபோல இருக்கும்.

இதன் மறைமுகச் செலவு நவம்பரில் தெரியும். தரை உறைந்ததும் கம்பி இறங்காது. பேட்டரி டிரில்லும் கான்கிரீட் துளையிடும் பிட்டும் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் ஓட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை வயலில் டிரில் சத்தம். வளையத் தாங்கியில் நிற்கும் ஃபுல்பாடிக்கு இந்தத் தொல்லை இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | வண்டியில் இடம் | இருட்டில் வேலை | நடந்து தூக்க | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|
| கழற்றி மாட்டுவது | குறைவு | அதிகம், குளிரில் இன்னும் அதிகம் | ஓரளவு | தொலைந்த தலை, முறிந்த காது |
| மாட்டியபடி பையில் | அதிகம் | குறைவு | ஸ்லெட் இருந்தால் சரி | நல்ல பைகள் |
| மாட்டியபடி டிரெய்லரில் | தனி வண்டியே வேண்டும் | மிகக் குறைவு | முடியாது | நிறுத்துமிடம், காப்பீடு, திருட்டு |
| ஒரே வார்ப்பு | அதிகம் | குறைவு | சிரமம் | முதல் விலையே பெரிது |
| ஷெல் | மிகக் குறைவு | நடுத்தரம் | எளிது | காற்றில் பொறுக்கும் உழைப்பு |
| தட்டை | மிக மிகக் குறைவு | கோணம் பார்த்துக் குத்துவது | மிக எளிது | உறைந்த தரைக்கு டிரில் |

## யாருக்கு எது

கார் அல்லது சின்ன எஸ்யூவி, அடுக்குமாடி வீடு, பெரும்பாலும் ஒருவர் இருவர்: ஒரு டசன் கழலும் தலை ஃபுல்பாடி, கூடவே மூன்று நான்கு டசன் தட்டை. ஃபுல்பாடிகளைப் பறவை இறங்கவேண்டிய இடத்தின் இருபக்கமும் வையுங்கள், தட்டைகளைச் சுற்றிப் பரப்புங்கள். ஒரு டசன் தலையை மாட்ட எவ்வளவு குளிரிலும் பொறுமை இருக்கும். மூன்று டசனுக்கு இருக்காது.

பிக்கப் வைத்திருப்பவர், வயலுக்குள் ஓட்ட அனுமதி பாதி நாள் கிடைக்கும் பாதி நாள் கிடைக்காது: கழலும் தலை ரகத்தையே வாங்கி, ஸ்லாட் பையில் தலையோடு வைத்துக்கொள்ளுங்கள், நிமிர்ந்தவை மட்டும் தனியாக. நடக்கவேண்டிய நாளில் ஒன்றிரண்டு பையை ஸ்லெட்டில் இழுத்துக்கொண்டு போகலாம். எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று வருந்தவேண்டாம், சரியான வயலில் குறைவாக வைத்தாலும் பறவை வரும்.

நிரந்தரக் குழு, சொந்த இடம், செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஓயாத வேட்டை: டிரெய்லர். பணம் இருந்தால் ஒரே வார்ப்பு. இல்லாவிட்டால் கழலும் தலையை மாட்டி விட்டுவிட்டு, முளையைச் சுற்றி ஒரு சுற்று எலெக்ட்ரிக்கல் டேப் ஒட்டுங்கள், ஆட்டம் நின்றுவிடும்.

சதுப்போரம், வாய்க்கால் தாண்டி நடை: ஷெல் அல்லது தட்டை. இதில் வாதமே இல்லை.

## காலில் ஒட்டும் மண்

எந்த வழியானாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, பெரும்பாலோர் செய்வதில்லை. கிளப்ரூட் என்ற மண்வழி நோய், எண்ணெய் வித்துப் பயிரான கனோலாவின் வேரை வீங்கவைத்து அழிக்கும். ஆல்பர்ட்டாவின் கனோலா வயல்களில் இது 2003இல் எட்மன்டன் அருகே கண்டுபிடிக்கப்பட்டது, அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு வயலின் மண் இன்னொரு வயலுக்குப் போவதுதான் பரவும் முக்கிய வழி. இந்த ஆண்டு நீங்கள் டிகாய் வைக்கும் பார்லி வயல் அடுத்த ஆண்டு கனோலாவாக இருக்கலாம். அடித்தாங்கி, கம்பி, ஸ்லெட்டின் அடிப்பக்கம், பூட்ஸ் எல்லாவற்றிலும் மண் அப்பிக்கொண்டு வரும். வயலைவிட்டுக் கிளம்புமுன் ஒரு கெட்டித் தூரிகையால் தட்டிவிடுங்கள். அதே தூரிகையால் கழுத்துத் துளையையும் ஒரு சுற்றுச் சுத்தம் செய்துவிடலாம், அடுத்த தடவை தலை சிக்காமல் திரும்பும்.

பழைய டிகாய் வாங்குவதாக இருந்தால் கராஜில் நின்றபடியே எல்லாத் தலையையும் ஒருமுறை மாட்டிப்பாருங்கள். விற்பவர் உடலைத்தான் எண்ணிக் கொடுப்பார். பூட்டும்போது சத்தம் வருகிறதா, பூட்டியபின் ஆடுகிறதா, எத்தனை மேயும் தலை, எத்தனை நிமிர்ந்தது, எல்லாம் ஒரே நிறுவனத்துடையதுதானா என்று பாருங்கள். பொருந்தாத தலைகளுக்கு விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.